ஊர் புதிது, முடிவு நம்முடையது

(கடக்வாஸ்லாவில் நம் சங்கக் குடும்பங்கள் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஆறு நாள் சிமெண்டும் மணலும் சுமந்த தோளை ஒரு நாளாவது சாய்க்கலாம் என்றிருந்த உங்களைச் சங்கம் இங்கே அழைத்திருக்கிறது. ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை. "தெரியாத ஊரில், தெரியாத மனிதர் நடுவில், சரியான முடிவை எடுப்பது எப்படி?" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பேச எனக்குள்ள தகுதி படிப்பு அல்ல. தப்பான முடிவுகளை எடுத்து அடிபட்டதுதான் தகுதி.

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தேசியப் பாதுகாப்பு அகாடமி. 1949-இல் நேரு அடிக்கல் நாட்டியது. பல மாநிலத்துப் பிள்ளைகள், பல மொழி பேசுகிறவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள்கூட அங்கே ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, மூன்று ஆண்டு பயிற்சி பெறுகிறார்கள். முன்பின் தெரியாதவனோடு சேர்ந்து வாழவும் முடிவெடுக்கவும் ஒரு மனிதனைப் பழக்க அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதற்கு அந்த மதில் சுவரே சாட்சி. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே கல் உடைக்கவும் கட்டடம் எழுப்பவும் வந்த நமக்கு என்ன பயிற்சி கிடைத்தது? ரயில் டிக்கெட்டும் ஒரு மேஸ்திரியின் பெயரும்தான்!

அறிஞர் வைத்த பெயர்

இப்போது பெரிய கம்பெனிகளில் இதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பண்பாட்டு நுண்ணறிவு என்று தமிழில் சொல்லலாம். 2003-இல் கிறிஸ்டோபர் ஏர்லி, சூன் ஆங் என்ற இரு அறிஞர்கள் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். சூன் ஆங் சிங்கப்பூரில் பணிபுரியும் பேராசிரியை. தன் ஊரில் கெட்டிக்காரனாக இருப்பவன் வேறு பண்பாட்டுக்குப் போனதும் ஏன் தடுமாறுகிறான், சிலர் மட்டும் ஏன் தடுமாறாமல் நடக்கிறார்கள் என்பதே கேள்வி. கற்க வேண்டும் என்ற விருப்பம், அந்த ஊர்ப் பழக்கம் பற்றிய அறிவு, தன் எண்ணத்தையே சோதித்துப் பார்க்கும் பழக்கம், அதற்கேற்ப நடத்தையை மாற்றும் திறன் என்று நான்காக இதைப் பிரித்துப் பேசுகிறார்கள்.

நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் கடல் கடந்து அனுப்பப்படும் மேலாளருக்கு இதைக் கற்பிக்கச் சம்பளத்தோடு வகுப்பு நடக்கிறது. மலேயா ரப்பர்க் காட்டுக்கும் இலங்கைத் தேயிலை மலைக்கும் தாராவிக்கும் போன நம் முன்னோர் இதே பாடத்தைக் கூலி இழந்து, பட்டினி கிடந்து கற்றார்கள். அந்த நான்கில் மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தன் எண்ணத்தையே சோதித்துப் பார்ப்பது. ஏன் என்று சொல்கிறேன்.

கல்லும் காலும்

1984-இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து நான் புனேவுக்கு வந்தேன். பதினெட்டு வயது. ஊரில் ஒரு ராணுவத்துக்காரரிடம் கற்ற அரைகுறை இந்தி, பையில் இருபது ரூபாய். நாக்காவில் நின்று எங்கள் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் ஒரு வேலை பிடித்தோம். மறுநாள் வரச் சொன்னார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல். அதனால் ஒருநாள் தள்ளிப் போனோம். முகாதம் எங்களைப் பார்த்ததும் உரத்த குரலில், "கால் யாயலா பாஹிஜே ஹோத" என்றார்.

எனக்குத் தெரிந்த இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். நான் நாளை என்று எடுத்துக்கொண்டேன். "நாளைக்கு வரச் சொல்கிறான், வாருங்கள் போகலாம்" என்று ஐந்து பேரையும் திருப்பிக் கூட்டிப் போனேன். அதோடு விட்டேனா? "மதராசி என்று விரட்டுகிறான், இவனிடம் இனி வேலை வேண்டாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். நான்கு நாள் வேலை இல்லை. மராத்தியில் 'கால்' என்றால் நேற்று மட்டும்தான், நாளைக்கு 'உத்யா' என்று தனிச்சொல் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மனிதர் சொன்னது, "நேற்றே வந்திருக்க வேண்டும்" என்று. தாமதமாக வந்தவனை எந்த மேஸ்திரியும் சொல்லும் சொல். அன்றைக்கு உள்ளே போயிருந்தால் வேலை இருந்தது!

தோழர்களே, இதில் மொழி தெரியாதது சிறு குற்றம். பெரிய குற்றம் வேறு. அவர் குரல் உயர்ந்ததை நான் கண்டேன். அவர் என்னை வெறுக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். கண்டது வேறு, எண்ணிக்கொண்டது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி முடிவெடுத்தேன். ஐந்து குடும்பத்துக்கு அந்த வாரம் பணம் போகவில்லை.

கறுப்புச் சேலை

தாய்மார்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். நமக்குப் பொங்கல். அவர்களுக்கு மகர சங்கராந்தி. நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் வீட்டுக்குப் பொங்கல் நாளில் பக்கத்து மராத்திக்காரப் பெண் வந்தார். உடுத்தியிருந்தது கறுப்புச் சேலை. கையில் எள்ளுருண்டை. நம் வழக்கத்தில் எள் எதற்கு, கறுப்பு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். சகோதரிக்கு நெஞ்சு பதறிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக என் வாசலில் அபசகுனம் செய்ய வந்தாளே என்று கதவைச் சாத்திவிட்டார். ஆறு மாதம் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

உண்மை என்ன? சங்கராந்தி குளிர்காலத்தில் வருவது. கறுப்பு உடுப்பு வெதுவெதுப்புத் தரும் என்று அந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் மராத்திப் பெண்கள், புதுமணப் பெண்கள்கூட, விரும்பிக் கறுப்பு கட்டுகிறார்கள். எள்ளும் வெல்லமும் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துவது வழக்கம். நட்பைக் கேட்டு வந்தவள் முகத்தில் கதவு சாத்தப்பட்டது!

உடனே, "அப்படியானால் அவர்கள் செய்வதையெல்லாம் நாமும் ஏற்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதே மஞ்சள் குங்கும விழாவில் கணவனை இழந்த பெண்ணை அழைக்காமல் விடும் வழக்கம் உண்டு. நம் ஊரிலும் அந்த அநியாயம் உண்டு. அங்கேயும் தப்பு, இங்கேயும் தப்பு. மராத்திப் பெண்களிலேயே அதை எதிர்ப்பவர் இருக்கிறார்கள். புரிந்துகொள்வது வேறு, தலையாட்டுவது வேறு. புரிந்துகொண்டு மறுப்பவனுக்கு மதிப்பு உண்டு. புரியாமல் மறுப்பவனுக்குப் பகைதான் மிஞ்சும்.

பேச்சு மரியாதையும் அப்படியே. மராத்தியில் தூ, தும்ஹி, ஆபண் என்று மூன்று உண்டு. நம் நீ, நீங்கள், தாங்கள் போல. தும்ஹி மரியாதைச் சொல். மராத்திக்காரர் இந்தி பேசும்போது அந்தப் பழக்கத்தில் 'தும்' என்பார். இந்தி மரியாதையைக் கற்றவனுக்கு அது சுருக்கென்று தைக்கும். "காய் ரே" என்பதும் நம் "என்னடா" போலத்தான். நண்பன் சொன்னால் அன்பு, முதலாளி சொன்னால் திமிர். எந்த வாயிலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும்.

யாரிடம் கேட்பது?

சரி, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாரிடம்? "நம்மாளிடம்" என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கட்டட வேலை முடியும் தறுவாயில், ஆள் பிடித்து வந்தவர், நம் மொழி பேசுகிறவர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், மராத்தியில் எழுதிய ஒரு தாளை நீட்டினார். "வருகைப் பதிவு, கைநாட்டு வை" என்றார். மாமா என்று கூப்பிடும் மனிதர். பதினோரு பேர் வைத்தோம். பன்னிரண்டாவது ஆளின் மனைவி வைக்க விடவில்லை. அவளோடு சித்தாள் வேலை செய்த மராத்திப் பெண் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். "முழுக் கூலியும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை" என்று அதில் எழுதியிருந்தது. எங்களுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி!

அன்று எங்களை விற்றவர் தமிழ் பேசினார். காப்பாற்றியவள் மராத்தி பேசினாள். இதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயங்கியதில்லை. மொழி ஒன்றாக இருப்பதால் நலன் ஒன்றாகிவிடாது. ஆகவே பெரிய முடிவுக்கு முன் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் நம்மவர். இன்னொருவர் இந்த ஊர்க்காரர், நம்மைப் போலவே உழைத்துப் பிழைக்கிறவர், இந்த முடிவால் லாபமோ நட்டமோ இல்லாதவர். இருவர் சொல்லும் ஒத்துப்போனால் நடவுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கேயே இருக்கும் மத்திய நீர், மின்விசை ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். 1916-இல் தொடங்கியது. நாட்டின் பல பகுதி அணைகளுக்கும் துறைமுகங்களுக்கும் இங்கே சிறு மாதிரி கட்டி, அதில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். மாதிரி உடைந்தால் சில மூட்டை சிமெண்டு நட்டம். அணை உடைந்தால்? நாமும் அப்படிச் செய்யலாம். புது ஒப்பந்தக்காரரிடம் குடும்பத்தோடு போகாமல் ஒருவர் ஒரு வாரம் போய்ப் பார்க்கட்டும். முன்பணம் பெரிதாக வாங்கிக் கட்டுண்டு போகாமல், முதல் வாரக் கூலி கைக்கு வருகிறதா என்று பார்க்கட்டும். திருப்ப முடிகிற முடிவைத் துணிந்து எடுங்கள். திருப்ப முடியாத முடிவை ஆற அமர எடுங்கள்.

ஆற அமர முடியாத நேரம்

ஆனால் ஒரு முடிவுக்கு மட்டும் ஆற அமர நேரம் கிடையாது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

நமக்கு மேலே மலையில் பான்ஷேத் அணை. 1961-இல் அது முழுமையாகத் தயாராகும் முன்பே முதல் மழைத் தண்ணீர் தேங்கிவிட்டது. அணை தாழத் தொடங்கியது. படைவீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டை அடுக்கினார்கள். ஜூலை 12 காலையில் பான்ஷேத் உடைந்தது. அந்த வெள்ளம் இறங்கி வந்து, 1879-இல் கட்டி முடித்த நம் கடக்வாஸ்லா அணையையும் அன்றே உடைத்தது. புனே நகரின் ஆற்றோரப் பேட்டைகள் மூழ்கின. மேலே ஆபத்து என்பது அணையில் நின்றவர்களுக்கு முன்பே தெரியும். கீழே குடியிருந்தவர்களுக்குச் சரியான எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. மராத்தி தெரிந்த ஊர்க்காரருக்கே அந்தக் கதி என்றால், தெரியாதவன் கதியை எண்ணிப் பாருங்கள்!

பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2024 ஜூலை 25 விடியற்காலை. பெருமழை. கடக்வாஸ்லா அணையிலிருந்து நொடிக்கு 35,000 கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். சிங்ககட் சாலையில் ஏக்தா நகரி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. படகில் ஆட்களை மீட்டார்கள், ராணுவமும் வந்தது. உரிய நேரத்தில் எங்களுக்குச் சொல்லவில்லை என்று குடியிருந்தோர் முறையிட்டார்கள். அவர்களுக்கு மாடி இருந்தது. ஆற்றோரம் தகரக் கொட்டகை போட்டுத் தங்கும் கட்டடத் தொழிலாளிக்கு மாடி ஏது?

ஆகவே நான்கு மராத்திச் சொற்களை இன்றே மனப்பாடம் செய்யுங்கள். தரண் என்றால் அணை. விசர்க் என்றால் தண்ணீர் திறப்பு. பூர் என்றால் வெள்ளம். இஷாரா என்றால் எச்சரிக்கை. மழை நாளில் ஒலிபெருக்கியில் இவற்றில் ஒன்று காதில் விழுந்தால், முழு வாக்கியம் புரியவில்லையே என்று நிற்காதீர்கள். பக்கத்து மராத்திக்காரர் மூட்டை கட்டினால் நீங்களும் கட்டுங்கள். முதலில் மேட்டுக்கு ஏறுங்கள், பிறகு காரணம் கேளுங்கள். வீணாக ஏறினால் ஒரு இரவுத் தூக்கம் போகும். ஏறாமல் இருந்தால் எது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வளைந்து கொடுப்பதா, பணிந்து போவதா?

இங்கே ஒரு தோழர் முன்பு கேட்டார்: "நாமே எல்லாம் கற்க வேண்டும், நாமே மாற வேண்டும் என்றால் இது அடிமைத்தனம் அல்லவா?" நியாயமான கேள்வி.

1966-இல் மும்பையில் சிவசேனை தோன்றியபோது, வேலைகளைத் தென்னாட்டார் பறிக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டது. தென்னாட்டார் கடைகளும் ஓட்டல்களும் தாக்கப்பட்டன. அந்தக் காயத்தால் மராத்தி கற்பதே மானக்கேடு என்று நினைத்த நம்மவர் உண்டு. ஆனால் நம்மை அடித்த கூட்டமும் மராத்தி மக்களும் ஒன்றல்ல. 1982 ஜனவரியில் மும்பை ஆலைகளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் கொங்கணத்திலிருந்தும் சாத்தாரா போன்ற மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த மராத்திக்காரர்கள். அவர்களும் ஊர் விட்டு வந்தவர்கள்தாம். இந்தப் புனேவில்தான் 1848-இல் ஜோதிராவ் புலே பெண்களுக்குப் பள்ளி திறந்தார். 1873-இல் சத்திய சோதகச் சங்கம் கண்டார். பெரியாரை அறிந்தவனுக்குப் புலே அந்நியரா?

மறுபக்கம் பாருங்கள். 1676 வாக்கில் மராத்தியர் தஞ்சைக்கு வந்து 1855 வரை அரசாண்டார்கள். பெரிய கோயில் சுவரில் 1803-இல் அவர்கள் வெட்டிய மராத்திக் கல்வெட்டு இருக்கிறது. லாவணியும் கிச்சடியும் கங்காளமும் நம் தமிழில் கலந்தன. அரசர் போனபின்பும் அந்த மக்கள் நம் நடுவில் வீட்டில் மராத்தியும் வீதியில் தமிழும் பேசி வாழ்கிறார்கள். அவர்கள் தமிழ் கற்றதால் தாழ்ந்தார்களா?

ஆனால் பாலத்துக்கு இரண்டு கரை உண்டு. நம் கரையை நாம் கட்டுவோம். அந்தக் கரையை அரசும் முதலாளியும் கட்ட வேண்டும். 1979-இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் படம் ஒட்டிய கையேடு தர வேண்டும், இந்தி, ஆங்கிலத்தோடு அந்தத் தொழிலாளியின் மொழியிலும் அது இருக்க வேண்டும் என்றது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கையேட்டைக் கண்ணால் கண்டோம்? 2020-இல் அந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புக்குள் சேர்த்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் மாறலாம். நான் கைநாட்டு வைக்கும் தாள் எனக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்ற நியாயம் மாறாது. வெள்ள எச்சரிக்கையும் அப்படியே. கட்டடத் தொழிலாளர் தங்கும் இடங்களில் அதைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்போம். மராத்தி கற்ற வாயால் கேட்போம். அப்போது காது கொடுக்காமல் இருக்க முடியாது.

பிள்ளைகளின் தலையில் வேண்டாம்

கடைசியாக ஒன்று. 2020 முதல் மராட்டியத்தில் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயப் பாடம். நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். பெருமைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் வீட்டு வாடகைத் தகராறுக்கும் பத்து வயதுப் பெண்ணை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறோம். டாக்டர் சொல்லும் கெட்ட செய்தியைத் தாயிடம் சொல்ல வேண்டிய சுமை அந்தக் குழந்தைக்கு. அவள் பயந்து ஒரு சொல்லை விழுங்கினால் முடிவு தப்பாகப் போகும். பிள்ளை படிக்கட்டும். பேச வேண்டியதை நாம் கற்போம், அல்லது சங்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் துணைக்கு வரட்டும்.

தோழர்களே, இந்தக் கூட்டம் கலையும் முன் மூன்று காரியம் முடிவு செய்யக் கேட்கிறேன். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மராத்தி வகுப்பு. நடத்த இங்கே இருக்கும் மராத்தித் தோழர்களையே அழைப்போம், வேண்டுமென்றால் அவர்கள் பிள்ளைகளுக்கு நாம் தமிழ் சொல்லித் தருவோம். இரண்டாவது, மழைக்காலம் முழுதும் ஆற்றோரக் கொட்டகைகளுக்கு இரவிலும் போய்க் கதவு தட்ட வரிசைக்கிரமமாக இருவர். மூன்றாவது, யார் எந்தத் தாளை நீட்டினாலும், படித்துச் சொல்லச் சங்கத்தில் ஒருவர் இருக்கும்வரை எவரும் கைநாட்டு வைப்பதில்லை என்ற உறுதி.

அன்று கதவைச் சாத்திய சகோதரி இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். ஆறு மாதம் கழித்து ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு அவரே போய் அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மராத்தி வகுப்பின் முதல் ஆசிரியையாக வருவதாக அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் சம்மதத்தைக் கைதூக்கிச் சொல்லுங்கள்.